குப்புசாமி: ஒரு காப்புப்பெயரின் எழுச்சியும் மறைவும்

பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியிலும் தமிழகத்தில் பிறந்தோரின் பெயர்கள் பத்திரப் பதிவுகள், பள்ளிச் சேர்க்கைப் பதிவேடுகள், கோயில் நன்கொடைப் பலகைகள், கப்பற் பயணியர் பட்டியல்கள் எனப் பலவற்றில் பதிவாகியுள்ளன. அவற்றைப் பார்வையிடுவோர் குப்புசாமி, குப்பையர், குப்பன், குப்பம்மாள், குப்பாயி, குப்பு ஆகிய பெயர்களை அடிக்கடி எதிர்கொள்வர். ஊருக்குப் பலராக இருந்த குப்புசாமிகள் இன்று பெரும்பாலும் முதியோராகவோ, மறைந்த முன்னோராகவோ மட்டுமே உள்ளனர். தொடக்கப்பள்ளி வருகைப் பதிவேட்டில் இப்பெயரைக் காண்பது அரிதாகிவிட்டது.

பெயர்கள் தோன்றுவதும் மறைவதும் இயல்பே. எனினும் குப்புசாமி என்னும் பெயரின் மறைவை நாகரிக மாற்றம் என்ற ஒரே சொல்லால் கடந்து செல்வது பொருந்தாது. இப்பெயர் அழகுக்காக இடப்பட்டதன்று. குழந்தையின் உயிரைக் காக்கும் என்ற நம்பிக்கையால் இடப்பட்டது. அதன் வரலாற்றை எழுதுவது குழந்தை மரணத்தின் வரலாற்றை எழுதுவதாகவே அமைகிறது. அதே வேளையில் இதே பெயர் சாதி இழிவின் அடையாளமாகவும் வழங்கியுள்ளது. தாயின் அச்சத்தில் பிறந்த பெயரும் ஆதிக்கத்தின் ஏளனத்தில் நிலைத்த பெயரும் ஒரே சொல்லாக இருப்பதே இங்கு ஆய்வுக்குரிய சிக்கலாகும்.

சொல்லும் பொருளும்

குப்பை என்னும் சொல்லுக்குப் பழந்தமிழில் குவியல் என்பதே அடிப்படைப் பொருள். நெற்குவியலும் குப்பையே. சிவகங்கை மாவட்டத்தில் உள்ள நெற்குப்பை என்னும் ஊர்ப்பெயர் இப்பழம்பொருளை இன்றும் தாங்கி நிற்கிறது. குறுந்தொகையின் 305ஆம் பாடலைப் பாடிய புலவர் குப்பைக்கோழியார் எனப்படுகிறார். அப்பெயர் பாடலில் இடம்பெற்ற உவமையால் வந்தது. பிறந்தபோது இடப்பட்ட பெயரன்று. ஆதலின் அதனைக் குப்பன், குப்புசாமி ஆகிய பெயர்களின் முன்வடிவமாகக் கொள்வது பிழையாகும்.

வேளாண் வாழ்வில் குப்பை என்பது சாணம், சாம்பல், இலைதழை, மாட்டுத்தொழுவக் கழிவு ஆகியவை மக்கிக் கிடக்கும் எருக்குவியலைக் குறித்தது. வீட்டுக்கொரு குப்பைமேடு இருந்தது. கோடையில் அது வண்டி வண்டியாக வயலுக்குச் சென்றது. குப்பை இல்லா வெள்ளாமை சப்பை என்னும் பழமொழி அதன் மதிப்பை உணர்த்தும். குப்பையிலே கிடந்தாலும் குன்றிமணி மங்காது என்னும் மற்றொரு பழமொழியோ, விலைமதிப்புள்ள ஒன்று இழிந்த இடத்தில் மறைந்து கிடக்கலாம் என்ற எண்ணத்தைக் கொண்டது. குப்புசாமி என்னும் பெயருக்கு அடித்தளமாக அமைந்தது இந்த இரண்டாம் எண்ணமே எனலாம்.

பெயரிடும் சடங்கு

பிறந்த குழந்தைகள் அடுத்தடுத்து இறந்துபோன வீட்டில் மீண்டும் ஒரு குழந்தை பிறக்கும்போது அதனைக் குப்பைமேட்டில் கிடத்தியோ, குப்பையில் புரட்டியோ எடுப்பர். வேறொருத்தி அதனைக் கண்டெடுத்தவள் போல எடுத்துச் செல்வாள். பின்னர்ப் பெற்றவள் அவளுக்குச் சிறிது தவிடோ காசோ கொடுத்துக் குழந்தையை விலைக்கு வாங்கிக்கொள்வாள். அதன்பின் குழந்தைக்குக் குப்பன் அல்லது குப்பம்மாள் என்று பெயர் அமையும். ஆண் குழந்தையாயின் மூக்குக் குத்தி வளர்ப்பதும் உண்டு. மூக்கன், மூக்கையா, மூக்காண்டி ஆகிய பெயர்கள் இவ்வழக்கத்தோடு தொடர்புடையவை. இறைவன் இட்ட பிச்சை என்று கருதி வைக்கப்பட்ட பிச்சை, பிச்சைமுத்து, பிச்சையம்மாள் ஆகியனவும் இவ்வகையினவே. எழுத்தாளர் ந. பிச்சமூர்த்தியின் (1900–1976) இயற்பெயர் வேங்கட மகாலிங்கம். இலக்கிய உலகில் நிலைத்ததோ பிச்சை என்ற வீட்டு வழக்குப் பெயரின் வழிவந்த பெயர்.

இச்சடங்கின் உள்ளே ஒரு தெளிவான நாடகம் உள்ளது. அழகும் அருமையும் உடைய குழந்தையைக் கண்ணேறும் கூற்றும் தேடி வரும். எவரும் வேண்டாது எறிந்த குழந்தையைத் தேடி வாரா. ஆகவே பெற்றோர் தம் அன்பை மறைக்க வேண்டும். குழந்தைக்குத் தாய் இவளல்லள் என்றும், அது குப்பையில் கிடந்தது என்றும், தவிட்டுக்கு வாங்கப்பட்டது என்றும் கேட்பார் காதில் விழும்படி சொல்ல வேண்டும். இன்றும் குறும்பு செய்யும் பிள்ளையை நோக்கி, உன்னைத் தவிட்டுக்குத்தான் வாங்கினோம் என்று வீட்டார் கேலி பேசுவதுண்டு. சிரிப்புக்காகச் சொல்லப்படும் இத்தொடரில் ஒருகாலத்தில் நடந்த சடங்கின் எச்சம் உறைந்துள்ளது.

எட்கர் தர்ஸ்டன் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தொகுத்த தென்னிந்திய இனவரைவியல் நூல்கள் இத்தகைய பெயரிடலைப் பதிவு செய்துள்ளன. அவருக்கு முன்னரே ரிச்சர்ட் கார்னக் டெம்பிள் 1883இல் வெளியிட்ட பஞ்சாபியர் பெயர்கள் பற்றிய ஆய்வில் இழிபொருட் பெயர்களைத் தனி வகையாகக் கொண்டு ஆராய்ந்தார். இருவரும் இவற்றை மூடநம்பிக்கையின் சான்றுகளாகவே நோக்கினர். பிள்ளைகளைப் பறிகொடுத்த வீட்டின் துயரம் அவ்வகைப்பாட்டில் இடம்பெறவில்லை.

இந்திய அளவில் இணைப் பெயர்கள்

குப்புசாமி தனித்து நிற்கும் பெயரன்று. தெலுங்கில் பெண்ட்டய்யா, பெண்ட்டம்மா என்பன குப்பைமேட்டைக் குறிக்கும் பெண்ட்ட என்னும் சொல்லடியாகப் பிறந்தவை; புல்லய்யா என்பது உண்டு எறிந்த இலையைச் சுட்டுவது; வட ஆந்திரத்தில் வழங்கும் தவிட்டய்யா, தவிட்டம்மா என்பவற்றில் தவிடு வெளிப்படையாகவே உள்ளது. கன்னடத்தில் திப்பெ என்பது குப்பை. திப்பண்ணா, திப்பேசுவாமி என்பன அதன் வழிவந்தவை. மராத்தியில் கல் என்னும் பொருளுடைய தோண்டு, தகடு ஆகிய பெயர்கள் உண்டு. பீகாரிலும் கிழக்கு உத்தரப் பிரதேசத்திலும் கூரஹூ, கதவாரு, பேக்கூ, பேச்சன் எனக் குப்பையையும் எறிதலையும் விற்றலையும் சுட்டும் பெயர்கள் வழங்கின.

வங்காளத்தில் விலைக்கு வாங்கும் சடங்கே பெயர்களின் அடிப்படையாயிற்று. தீன்கரி என்றால் மூன்று சோழி, பாஞ்ச்கரி என்றால் ஐந்து சோழி, சாத்கரி என்றால் ஏழு சோழி. குழந்தைக்குக் கொடுத்த விலையே அதன் பெயர். தூக்குமேடை ஏறிய விடுதலை வீரர் குதிராம் போஸ் (1889–1908) பிறப்பதற்கு முன் அவருடைய தமையன்மார் இருவர் இறந்திருந்தனர். மூத்த சகோதரி மூன்று கைப்பிடி நொய்யரிசி கொடுத்து அவரை வாங்கிக்கொண்டார். வங்க மொழியில் குத் என்பது நொய். அதுவே குதிராம் என்னும் பெயராயிற்று. ஒடியா உரைநடை இலக்கியத்தின் முன்னோடியான பக்கீர் மோகன் சேனாபதி (1843–1918) முதலில் பிரஜ மோகன் எனப்பட்டார். குழந்தைப் பருவத்தில் நோயுற்ற அவர் பிழைத்தால் பக்கீராக்குவதாகப் பாட்டி நேர்ந்துகொண்டதால் பெயர் மாறியது. முகரம் நாட்களில் அவர் பக்கீர் உடை தரித்ததும் அந்நேர்த்தியின் தொடர்ச்சியே.

சுவையான ஒப்புமை ஒன்று இங்குக் குறிப்பிடத்தக்கது. வங்கத்தில் துப்பறியும் கதைகளால் புகழ்பெற்றவர் பாஞ்ச்கரி தே. தமிழில் அவ்வகை நாவல்களைப் பெருவழக்காக்கியவர்களுள் ஒருவர் 1925இல் மறைந்த ஆரணி குப்புசாமி முதலியார். இருமொழியிலும் துப்பறியும் இலக்கியத்தின் முன்னோடிகள் காப்புப்பெயர் தாங்கியோராக அமைந்தது தற்செயலே. ஆயினும் அத்தலைமுறையில் இத்தகைய பெயர்கள் எவ்வளவு பரவலாக இருந்தன என்பதை இது காட்டும்.

போதும்பொண்ணு, வேண்டாம் போன்ற பெண்பெயர்களையும் குப்பம்மாளையும் ஒரே தொகுதியில் வைத்துப் பேசும் போக்கு உண்டு. அது ஏற்கத்தக்கதன்று. போதும்பொண்ணு என்பது பெண்பிறப்பை நிறுத்தும் வேண்டுதல். அக்குழந்தை உண்மையிலேயே விரும்பப்படாதது. மராட்டியத்தில் நகுஷா என்னும் பெயரும் அத்தகையதே. சதாரா மாவட்டத்தில் 2011இல் அப்பெயர் கொண்ட 280க்கும் மேற்பட்ட சிறுமியருக்கு மாவட்ட நிர்வாகம் விழா எடுத்துப் புதுப்பெயர் சூட்டியது. குப்பம்மாளோ வேண்டி வேண்டிப் பெற்ற மகள்; வேண்டாதவள் போல நடிக்கப்பட்டவள். முன்னது வெறுப்பை வெளிப்படையாகச் சொல்வது. பின்னது அன்பை ஒளித்துவைப்பது.

பரவல்: மரணமும் பேரனும்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியாவில் பிறந்த ஆயிரம் குழந்தைகளுள் 200 பேர் அளவில் ஓராண்டு நிறைவதற்குள் இறந்தனர். 1876–78ஆம் ஆண்டுப் பெரும்பஞ்சம், அம்மை, கொள்ளைநோய்கள், 1918ஆம் ஆண்டு விஷக்காய்ச்சல் ஆகியவை வந்தபோது இழப்பு மேலும் பெருகியது. இரண்டு மூன்று குழந்தைகளைப் பறிகொடுக்காத குடும்பம் அரிதாக இருந்த நிலையில் குப்பைமேட்டுச் சடங்குக்கான தேவையும் எங்கும் இருந்தது.

ஆயினும் இழப்பு மட்டுமே இப்பெயரின் பெருக்கத்துக்குக் காரணமன்று. பேரன் என்னும் சொல் பெயரன் என்பதன் மரூஉ. பாட்டனின் பெயரைத் தாங்குபவனே பெயரன். ஒரு தலைமுறையில் மரணத்துக்கு அஞ்சிக் குப்புசாமி என்று பெயர் பெற்றவன் பிழைத்து, மணந்து, முதுமை எய்தினால் அவனுடைய மகன்கள் ஒவ்வொருவரும் தம் மகனுக்குக் குப்புசாமி என்று பெயரிடுவர். அக்குழந்தைகளுக்கு முன் எவரும் இறந்திருக்க வேண்டியதில்லை. இவ்வாறு காப்புப்பெயர் குலப்பெயராக மாறியது. மேலும் இறந்துபோனவர்களின் பெயர் பரவுவதில்லை. பிழைத்தவர்களின் பெயரே பரவும். நெடுநாள் வாழ்ந்த குப்புசாமிகளே அப்பெயரின் ஆற்றலுக்குச் சான்றாகக் கண்முன் நின்றனர். பெயர் பலிக்காமல் மாண்ட குப்பன்களை எண்ணிப் பார்க்க எந்த ஏடும் இல்லை.

இப்பெயர் எச்சாதிக்கும் உரியதாக இருந்தது. தியாகராசரின் மாணாக்கரும் திருவொற்றியூரோடு தொடர்புடையவருமான வீணை குப்பையர் (1798–1860), வடமொழிப் பேரறிஞர் எஸ். குப்புசுவாமி சாஸ்திரி (1880–1943), பத்தமடையில் 1887இல் பிறந்து பின்னாளில் ரிஷிகேசத்தில் துறவியாக வாழ்ந்த சிவானந்தரின் பூர்வாசிரமப் பெயரான குப்புசாமி என உயர்சாதியினரிடையே எடுத்துக்காட்டுகள் பல. உழவர், மீனவர், கைவினைஞர், பண்ணையாட்கள் ஆகியோரிடையே குப்பனும் குப்பாயியும் எண்ணிறந்தோர். குழந்தை மரணம் சாதி பார்க்கவில்லை என்பது இதனால் விளங்கும். பெயரின் பின்னொட்டோ சாதியைப் பார்த்தது.

இருமுகப் பெயர்

குப்பையர், குப்புசாமி, குப்பன் ஆகிய மூன்றும் ஒரே வேரின. ஐயர் என்பது சாதியை உணர்த்தும். சாமி என்பது இழிபொருளைத் தெய்வப் பெயராக மாற்றிவிடும். கேட்போர் செவியில் குப்பை மறைந்து சாமி எஞ்சும். குப்பன் என்பதில் அத்தகைய போர்வை இல்லை. நிலவுடைமையாளர் வீட்டுச் சிறுவனும் தன் பண்ணையில் உழைக்கும் முதியவரை, ஏ குப்பா என்று விளிக்க முடிந்தது. அவ்விளியைக் கேட்டவருக்குத் தம் தாய் எக்காரணத்தால் அப்பெயரை இட்டாள் என்பது பொருட்டாக இருந்திருக்க இயலாது.

மனுதருமம் இரண்டாம் இயலின் 31ஆம் சுலோகம் அந்தணர் பெயர் மங்கலத்தையும், அரசர் பெயர் வலிமையையும், வணிகர் பெயர் செல்வத்தையும், சூத்திரர் பெயர் இழிவையும் உணர்த்த வேண்டும் என விதிக்கிறது. தமிழகத்துக் குப்பன்கள் அனைவரும் இவ்விதியால் பெயர் பெற்றனர் என்று கூறுதல் மிகையாகும். குப்பையரும் குப்புசுவாமி சாஸ்திரியும் இருக்க அக்கூற்று நிற்காது. ஆனால் இழிபொருட் பெயரை இயல்பானதாகவும் உரியதாகவும் கருதும் மனநிலை சாதியமைப்பில் இருந்தது. உயர்சாதிக் குழந்தைக்குக் காப்புப்பெயர் என்பது மாறுவேடம். வீட்டில் வேறொரு மங்கலப் பெயரும் இருந்திருக்கும். ஒடுக்கப்பட்டோர் குழந்தைக்கு மாறுவேடத்தைக் களையும் வாய்ப்பு இல்லை. உலகம் அதையே மெய்யென ஏற்றுக்கொண்டது. தாய் கூற்றுவனை ஏமாற்றச் சொன்ன பொய்யை ஊர் உண்மையாக்கிவிட்டது.

இருபதாம் நூற்றாண்டில் குப்பனும் சுப்பனும் என்னும் தொடர் முகமற்ற எளிய மக்களைக் குறிக்கும் மரபுத்தொடராக நிலைபெற்றது. பாரதிதாசன் 1930இல் வெளியிட்ட சஞ்சீவி பர்வதத்தின் சாரல் என்னும் காவியத்தின் தலைவன் பெயர் குப்பன். பகுத்தறிவு மிக்க வஞ்சியிடம் அறிவுறுத்தப்பட வேண்டிய, கதைகளை நம்பி நடுங்கும் எளிய மனிதனுக்கு அப்பெயரைக் கவிஞர் தெரிந்தெடுத்தது கருத்தக்கது. சுப்பன் என்பதற்குச் சுப்பிரமணியன் என்று பொருள்கூறித் தப்பிக்க இயலும். குப்பனுக்கு அத்தகைய தெய்வத் துணை இல்லை. கன்னட நாட்டில் நிலைமை வேறு. சித்திரதுர்க்க மாவட்டத்து நாயகனஹட்டியில் திப்பேருத்திரசுவாமி வழிபாடு செல்வாக்குடன் திகழ்வதால் திப்பேசுவாமி என்னும் பெயர் புனிதரின் பெயராகவும் வாழ்கிறது. அதே பொருளுடைய இரு பெயர்களுள் ஒன்று நிலைக்கவும் மற்றொன்று தேயவும் இது ஒரு காரணமாகலாம்.

மறைவு

இந்தியாவில் 1971இல் ஆயிரம் பிறப்புக்கு 129ஆக இருந்த பச்சிளங்குழந்தை இறப்பு வீதம் 2020இல் 28ஆகக் குறைந்தது. தமிழ்நாட்டில் அது 113இலிருந்து 13ஆகியது. அம்மை நோயின் கடைசி நிகழ்வுகள் இந்தியாவில் 1975இல் பதிவாயின. 1978இல் விரிவாக்கப்பட்ட தடுப்பூசித் திட்டமும் 1985இல் அனைவருக்குமான தடுப்பூசித் திட்டமும் தொடங்கின. மகப்பேறு வீட்டிலிருந்து மருத்துவமனைக்கு இடம்பெயர்ந்தது. குழந்தை பிழைக்கும் என்ற உறுதி ஏற்பட்ட இடத்தில் அதை மறைத்துவைக்க வேண்டிய தேவை எழவில்லை. மைசூரில் பணியாற்றிய உளவியலறிஞர் பி. குப்புசுவாமி நகர்ப்புறக் குடும்பங்களின் கல்வி, தொழில், வருமானம் ஆகியவற்றைக் கணக்கிட 1976இல் வெளியிட்ட அளவுகோல் இந்தியக் குழந்தைநல ஆய்வுகளில் இன்றும் கையாளப்படுகிறது. ஊட்டக்குறைவும் வயிற்றுப்போக்கும் பற்றிய எண்ணற்ற கட்டுரைகளில் குப்புசுவாமி என்னும் பெயர் இடம்பெறுகிறது. அதன் பொருளை அவற்றைப் படிப்போர் எண்ணுவதில்லை.

இறப்பு குறைந்ததோடு பிற மாற்றங்களும் சேர்ந்தன. பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 1969இல் இயற்றப்பட்டது. பள்ளிச் சான்றிதழும் குடும்ப அட்டையும் ஒருவருக்கு ஒரே பெயர் என்ற நிலையை உண்டாக்கின. வீட்டில் குப்பு, ஏட்டில் வேறொன்று என்ற பழைய இரட்டை வழக்கு தளர்ந்தது. காப்புப்பெயர் இயங்குவதற்கு அந்த இரட்டை நிலையே இடமளித்தது. சான்றிதழில் குப்பன் என்று பதிவாகிவிட்டால் அது வாழ்நாள் முழுதும் அலுவலகங்களில் உரக்க அழைக்கப்படும் பெயராகிவிடும்.

சொல்லின் பொருளும் இதற்குள் சுருங்கிவிட்டது. வேதியுரம் பரவியபின் குப்பைமேடு எருக்குழியாக இருந்த நிலை மாறி, நகராட்சித் தொட்டியின் கழிவு என்ற பொருளே குப்பை என்பதற்கு முதன்மையாயிற்று. உழவர் வீட்டுச் செல்வத்தின் சாயல் அதில் எஞ்சவில்லை. மறைமலையடிகள் தொடங்கிவைத்த தனித்தமிழ் இயக்கமும், சுயமரியாதை இயக்கமும் பெயரைத் தன்மதிப்பின் அடையாளமாகக் கொள்ளக் கற்பித்தன. ஒடுக்கப்பட்ட சமூகத்தினர் தம் பிள்ளைகளுக்கு அரசர், புலவர், தலைவர் பெயர்களையும் அறிவு, அன்பு, வெற்றி ஆகிய சொற்களால் அமைந்த பெயர்களையும் இட்டது விருப்பம் சார்ந்த செயல் மட்டுமன்று. ஏ குப்பா என்ற விளிக்கு அளித்த மறுமொழியும் ஆகும். மறுபுறம் திரைப்படமும் எண்கணிதமும் ரமேஷ், சுரேஷ் வரிசைப் பெயர்களைக் கொணர்ந்தன. இவ்விரு போக்குகளும் எதிரெதிரானவை. ஆனால் குப்புசாமியை விலக்குவதில் இரண்டும் ஒன்றுபட்டன.

இறுதி அடி பேரன் வழக்கத்தின் தளர்ச்சியால் விழுந்தது. தமிழ்நாட்டின் மொத்தக் கருவள வீதம் 1970களின் தொடக்கத்தில் ஏறத்தாழ 4ஆக இருந்து 2020இல் 1.4ஆகியது. பிள்ளைகள் பலர் இருந்தபோது ஒருவனுக்கேனும் பாட்டன் பெயர் அமைந்தது. ஒரே பிள்ளை என்றானபோது பாட்டன் பெயரை வீட்டுக்குள் வழங்கும் இரண்டாம் பெயராக ஒதுக்கிவிட்டனர்; பின்னர் அதுவும் நின்றது. தமிழர்க்குக் குடும்பப்பெயர் இல்லாமையால் தந்தையின் பெயர் மகனுக்குத் தலைப்பெழுத்தாக மட்டுமே தொடர்கிறது. குப்புசாமியின் மகனிடம் கு. என்ற ஓரெழுத்து எஞ்சும். பேரனிடம் அதுவும் இராது.

தமிழகத்தில் நிகழ்ந்த இம்மறைவு கடல்கடந்த தமிழரிடையே நிகழவில்லை. மொரீசியசுக்கு 1834 முதலும், தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு 1860 முதல் 1911 வரையிலும் ஒப்பந்தக் கூலிகள் அழைத்துச் செல்லப்பட்டனர். நேட்டாலுக்குச் சென்ற ஏறத்தாழ 1,52,000 பேருள் மூன்றில் இரு பங்கினர் சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறியவர்கள். கப்பற் பட்டியல்களில் அவர்தம் பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஊர் ஆகியன பதிவாயின. எழுத்தர் செவிக்கு எட்டியவாறு எழுதிய அப்பெயர்கள் அடுத்த தலைமுறைகளுக்குக் குடும்பப்பெயர்களாக உறைந்தன. கூப்புசாமி, குப்பன், கூப்பன் எனத் திரிந்த வடிவங்கள் மொரீசியசிலும் தென்னாப்பிரிக்காவிலும் தொலைபேசி நூல்களிலும் கல்லறைக் கற்களிலும் காணக்கிடைக்கின்றன. பிறப்பூரில் தந்தையோடு முடிந்துபோன பெயர் அங்கு ஐந்தாம் ஆறாம் தலைமுறைப் பெண்களுக்கும் உரியதாக உள்ளது. தமிழ் பேச இயலாத அவர்களுள் பலருக்கு அச்சொல்லின் பொருள் தெரியாது. எழுதப்படிக்கத் தெரியாத ஒரு தாய் ஏதோ ஒரு சிற்றூரின் எருக்குழியருகே, பிழைத்தால் போதும் என்று மகனுக்கு இட்ட பெயர் அது.